போனில் பெயர் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்த அன்று ராத்திரியே கேட்டார்: "ஏம்ப்பா, யார் கூப்பிட்டாலும் வெறும் நம்பரா வருதே, சித்தியா பால்காரரான்னு எப்படித் தெரியும்?" கடையில் பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகத்தான் சொன்னார்கள். மாறியது பாதிதான், அதிலும் சில பெயர்கள் கட்டம் கட்டமாக இருந்தன, சிலருக்கு இனிஷியல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் போன், குடியிருப்புச் சங்கத்து உறுப்பினர் பட்டியல் என்று இந்த வேலையைப் பலமுறை செய்துவிட்டேன். பார்வை மங்கிய ஒருவர் போனை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான், ஆகவே இதைச் சின்ன வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை. உங்கள் போனில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

முதலில் ஒரு நகல். கம்ப்யூட்டரில் கூகுள் காண்டாக்ட்ஸைத் திறந்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் இருக்கும் காண்டாக்டுகளுக்கு 30 நாள் வரைக்கும் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி அங்கேயே செட்டிங்ஸில் இருக்கிறது, ஆப்பிளின் ஐகிளவுடிலும் பழைய நகலை மீட்கும் பகுதி உண்டு. சிம்மிலோ போன் மெமரியிலோ மட்டும் இருக்கும் பெயர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, அழித்தால் போனதுதான்.

அப்புறம், தொந்தரவு தரும் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு அவர் பெயரை மூன்று இடத்தில் பாருங்கள்: காண்டாக்ட்ஸ் செயலி, டயல் செய்யும் இடத்தில் வரும் கால் பட்டியல், வாட்ஸ்அப். மூன்றிலும் தப்பாக இருந்தால் பதிவே தப்பு, அதைத்தான் திருத்த வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தப்பு என்றால் பதிவு நன்றாகவே இருக்கிறது, அந்தச் செயலியின் அனுமதியோ அமைப்போதான் சரியில்லை. இதைப் பார்க்காமல் நூறு பெயரை ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், ஒரு சுவிட்சைத் தட்டினால் முடிந்திருக்கும் வேலை.

பெயரே வரவில்லை, நம்பர்தான் வருகிறது

வாட்ஸ்அப்பில் மட்டும் எல்லோரும் நம்பராகத் தெரிந்தால் காண்டாக்ட்ஸ் அனுமதி போயிருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பர்மிஷன்ஸ் என்று போய்த் திறந்துவிடுங்கள். ஐஃபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் காண்டாக்ட்ஸ். 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் காட்டும் அனுமதி ஒன்று புதிதாக வந்திருக்கிறது, முதல் தடவை கேட்கும்போது தெரியாமல் அதை அழுத்திவிட்டால் பத்துப் பேர் பெயர் வரும், மீதிப் பேர் வர மாட்டார்கள். "சிலருக்கு மட்டும் வருது" என்று ஐஃபோன் வைத்திருப்பவர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பெயருக்கு முன்னால் அலைபோல ஒரு நெளிகோடு இருந்தால், அந்த ஆள் உங்கள் போனில் பதிவாகவில்லை என்று வாட்ஸ்அப் சொல்கிறது; அங்கே தெரிவது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். பதிவு செய்திருந்தும் அப்படி வந்தால் நம்பர் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். கொழும்பில் இருக்கும் மாமா நம்பரை அவர் சொன்னபடியே 077 என்று தொடங்கிப் போட்டிருப்போம். இந்திய சிம் உள்ள போன் அதை இந்திய நம்பராக எடுத்துக்கொண்டு தேடும், கிடைக்காது. முதல் சைபரை எடுத்துவிட்டு +94 போட வேண்டும். மலேசியாவுக்கு +60, சிங்கப்பூருக்கு +65, நம் ஊர் நம்பர்களுக்கு +91. சென்னை லேண்ட்லைன் என்றால் 044 என்பது +91 44 ஆகும். உள்ளூரில் இருக்கும்வரை எப்படி எழுதினாலும் ஓடும், வெளிநாடு போய் இறங்கியதும்தான் வீட்டிலிருந்து வரும் கால்கூட நம்பராகத் தெரியும், ஆகவே எல்லாவற்றையும் கூட்டல் குறியோடு எழுதிவிடுவதே நல்லது.

ஒரே கட்டத்தில் இரண்டு நம்பரைச் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கம் நம்மிடம் நிறைய, டைரியில் எழுதிய பழக்கம் அது. போனுக்கு அது ஒரே நீள நம்பர், எதனோடும் பொருந்தாது. இன்னொரு நம்பருக்கு இன்னொரு கட்டம் திறங்கள்.

எல்லா இடத்திலும் பெயர் காணோம் என்றால் வேறு கதை. காண்டாக்ட்ஸ் செயலியில் எந்தக் கணக்கைக் காட்டச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். போனில் இரண்டு ஜிமெயில் இருந்து, பெயர்கள் ஒன்றில் இருக்க, செயலி மற்றதைக் காட்டிக்கொண்டிருக்கும். அம்மா போனில் நடந்தது இதுதான்: பழைய போனில் போட்டிருந்த, நான் எப்போதோ தொடங்கிக் கொடுத்த கணக்கு ஒன்று, கடையில் புதிதாகத் தொடங்கிய கணக்கு இன்னொன்று. பழைய கணக்கைச் சேர்த்து சிங்க் (கணக்கில் இருப்பதைப் போனுக்குக் கொண்டுவரும் வசதி) ஆன் செய்ததும் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். மீதிப் பேர் சிம்மில் இருந்தார்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

இனிஷியல் படுத்தும் பாடு

இதுதான் நமக்கே உரிய தலைவலி. போனில் பெயர் எழுதும் இடத்தை, தன் பெயர் ஒன்று குடும்பப் பெயர் ஒன்று என்று வைத்துக்கொள்பவர்களை நினைத்துச் செய்திருக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கிறது, அது முன்னாலும் வரும் பின்னாலும் வரும். "ச. முருகன்" என்று ஒரே வரியில் அடித்தால் ஆண்ட்ராய்டு அதைத் தானே பிரித்து, "ச." என்பதை முதல் பெயராகவும் முருகன் என்பதைக் கடைசிப் பெயராகவும் வைத்துக்கொள்கிறது. அங்கிருந்துதான் எல்லாக் குழப்பமும்: பட்டியலில் ச வரிசையில் முப்பது பேர், மெசேஜ் அறிவிப்பில் "ச." மட்டும்.

காண்டாக்டுகளை இடம் மாற்றப் பயன்படும் விகார்டு என்ற கோப்பு முறையிலேயே இது பதிந்திருக்கிறது. அதில் பெயர் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று, அரைப்புள்ளியால் பிரித்த ஐந்து அறைகள்: குடும்பப் பெயர், தன் பெயர், நடுப் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு, இதே வரிசையில். மற்றொன்று, காட்டுவதற்கான முழுப்பெயர் ஒரே வரியில். சில செயலிகள் முழுப்பெயரை அப்படியே காட்டும், சில செயலிகள் அறைகளிலிருந்து தானே பெயரைக் கட்டிக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய காண்டாக்ட் உங்கள் போனில் "ச. முருகன்" என்றும் தம்பி போனில் "முருகன் ச." என்றும் தெரிவதற்குக் காரணம் இதுதான், இரண்டு பேருடைய போனும் கெட்டுப்போகவில்லை.

நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். ஆளுடைய சொந்தப் பெயர் எப்போதும் முதல் பெயர்க் கட்டத்தில், இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. இனிஷியல் பின்னால் வந்தால் போதும் என்பவர்கள் அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, வரிசையை முதல் பெயர்ப்படி வைத்தால் முடிந்தது. இல்லை, பத்திரிகையில் அச்சடிப்பதுபோல இனிஷியல் முன்னால்தான் தெரிய வேண்டும், ஆனால் வரிசை மட்டும் முருகன் என்ற பெயரைப் பார்த்து அமைய வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டில் இனிஷியலை முன்னொட்டுக் கட்டத்தில் போடுங்கள், டாக்டர் திருமதி எல்லாம் போடுவதற்கென்று இருக்கும் இடம் அது. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் அந்தக் கட்டம் விரியும். முன்னொட்டு கண்ணுக்குத் தெரியும், வரிசைப்படுத்தும்போது கணக்கில் வராது. சங்கத்துப் பட்டியல் முழுவதையும் இப்படி மாற்றியபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது, யாருடைய அப்பா பெயரையும் குடும்பப் பெயராக்காமல், யாரையும் வெறும் எழுத்தாக்காமல் பட்டியல் அகர வரிசையில் நின்றது.

இரண்டு சொல்லில் வரும் ஒரே பெயர்களைப் பிரிக்க விடாதீர்கள். அப்துல் ரகுமான் என்பதை இரண்டு கட்டத்தில் போட்டால் சுருக்கிக் காட்டும் இடமெல்லாம் "அப்துல்" என்று நிற்கும், அது முழுப்பெயரே ஆகாது, அந்தப் பெயருடையவருக்கு அது எவ்வளவு உறுத்தும் என்று யோசியுங்கள். முகமது என்று தொடங்குபவர்கள் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். இரண்டு சொல்லையும் முதல் பெயர்க் கட்டத்திலேயே சேர்த்து எழுதுங்கள். "முருகன் பிளம்பர்" என்று எழுதினாலும் இதே கதைதான், பிளம்பர் என்பதை அவருடைய குடும்பப் பெயராகப் போன் எடுத்துக்கொள்ளும். தொழிலை நிறுவனம் என்ற கட்டத்தில் போட்டால் தேடும்போதும் அகப்படும்.

வரிசையும் பெயர் முன்பின்னும் எங்கே மாற்றுவது? கூகுள் காண்டாக்ட்ஸ் செயலியின் செட்டிங்ஸில் வரிசைக்கு ஒன்றும் பெயர் வடிவத்துக்கு ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் முதல் பெயர் முதலில் என்று வையுங்கள். கூகுளின் போன் செயலியில் இதே இரண்டும் டிஸ்பிளே ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் தனியாக இருக்கின்றன. காண்டாக்ட்ஸில் சரியாக இருந்து கால் பட்டியலில் மட்டும் "ச, முருகன்" என்று காற்புள்ளியோடு வந்தால் அங்கே போய் மாற்ற வேண்டும். ஐஃபோனில் செட்டிங்ஸில் காண்டாக்ட்ஸ், ஐஓஎஸ் 18இல் ஆப்ஸ் என்ற பகுதிக்குள் அது போய்விட்டது. அதில் வரிசை, காட்டும் முறை, ஷார்ட் நேம் என்று மூன்று உண்டு. முதல் இரண்டும் வேறு வேறாக இருக்கும்போது பட்டியல் குலைந்ததுபோலத் தெரியும், ஏனென்றால் காட்டுவது முருகன், வரிசைப்படுத்துவது ச. ஷார்ட் நேமை அணைத்துவிட்டால் அறிவிப்பில் முழுப்பெயர் வரும்.

தமிழ்ப் பெயரெல்லாம் பட்டியலின் அடியில் கிடக்கிறது

ஆண்ட்ராய்டு போனின் மொழிப் பட்டியலில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கடைசியில் ஒரே குவியலாகச் சேர்ந்துவிடும். செட்டிங்ஸில் மொழிகள் என்ற இடத்தில் தமிழை இரண்டாவது மொழியாகச் சேருங்கள், போன் ஆங்கிலத்திலேயே இருக்கும், ஆனால் அ, ஆ, க என்று தலைப்புகள் வரும். ஐஃபோனில் ஒவ்வொரு காண்டாக்டுக்கும் உச்சரிப்புப் பெயர் என்ற கட்டத்தைச் சேர்த்து அதில் ஆங்கிலத்தில் எழுதினால் அந்த எழுத்தின் இடத்துக்கு வந்துவிடும். பட்டியல் பெரிதாக இருந்தால் அலுப்பான வேலைதான், அடிக்கடி பேசும் இருபது பேருக்குச் செய்தால் போதும்.

எழுத்து எழுத்தாக இல்லை

இதில் நான்கு வகை, நான்கும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

கட்டம் கட்டமாக வந்தால் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய பட்டன் போனிலும் கார் திரையிலும் இப்படி வரும்.

தலையில் சாய்கோடு வைத்த சின்ன ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் அதே ஏ, இப்படி வரிசையாகக் கிடந்தால் அது உங்கள் தமிழ்தான், தப்பான கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு (கி என்பதில் க ஒரு குறி, அதன் கொக்கி இன்னொரு குறி) மூன்று பைட், எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் முதல் பைட் ஒன்றேதான், அதனால்தான் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது. எக்ஸெலில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய பட்டியல்) நேராக இரண்டு தட்டுத் தட்டித் திறக்கும்போது பெரும்பாலும் இது நடக்கும். சேமிக்காமல் மூடுங்கள், மூலக் கோப்பு நன்றாகவே இருக்கும். டேட்டா பகுதிக்குள் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடு என்பதைத் தேர்ந்து, கோப்பின் மூலம் என்று கேட்கும் இடத்தில் 65001 யூடிஎஃப்-8 கொடுத்துத் திறங்கள். அப்படியே நம்பர் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 91இல் தொடங்கும் 12 இலக்க நம்பரை 9.19E+11 என்று சுருக்கிவிடும், அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போய்விடும். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் எழுத்துப் பிரச்சினை பெரும்பாலும் வராது. எக்ஸெலிலேயே சேமிப்பதென்றால் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக இருக்கும் வகையில் சேமியுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் இருந்தால் வருத்தமான செய்தி, பெயர் அழிந்துவிட்டது. தமிழ் தெரியாத குறியீட்டில் யாரோ சேமித்திருக்கிறார்கள், எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியே பதிவாகிவிட்டது. அந்தக் கோப்போடு மல்லுக்கட்டாமல் பழைய போனையோ பழைய நகலையோ தேடுங்கள்.

சமக்குறி போட்டு இரண்டிரண்டாக எழுத்தும் எண்ணும் நீளமாக வந்தால் அது 1996இல் வந்த விகார்டு 2.1 செய்யும் வேலை. பழைய போன்கள் இன்னும் அந்த வடிவத்தில்தான் கோப்பைக் கொடுக்கின்றன. அதில் ஒரு தமிழ்க் குறியை எழுத 9 எழுத்து ஆகும், ஒரு வரிக்கு 76 எழுத்துதான் அளவு. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரைப் பாருங்கள், நம் கணக்கில் 8 எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் 15 குறி, 135 எழுத்துக்குப் போய் இரண்டு வரியாகிவிடும். இரண்டாம் வரியைச் சரியாகச் சேர்க்கத் தெரியாத செயலியில் "கிருஷ்ண" வரைக்கும் வந்து பெயர் நின்றுவிடும். பெயர் பாதியில் நிற்கிறதே என்று வருபவர்களிடம் நான் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இதற்காகத்தான். பழைய போன் கையில் இருந்தால் கோப்பாக எடுக்காமல் அதில் கூகுள் கணக்கைச் சேர்த்து சிங்க் செய்துவிடுங்கள், அல்லது விகார்டு 3.0 என்று கேட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். போன் இல்லை, கோப்புதான் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம், எழுத்துகள் முழுதாக அதற்குள்ளேயே இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்கம், கோயில் கமிட்டி, பழைய மாணவர் குழு போன்ற இடங்களில் பட்டியலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டுவது) அடித்து வைத்திருப்பார்கள். போனுக்குள் வந்ததும் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த புரியாத சொல்லாகிவிடும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியைத்தான் தட்டுவார்கள், விகார்டிலோ அறைகளைப் பிரிப்பதே அரைப்புள்ளி, ஆகவே கையால் செய்த கோப்பில் ஒரு பெயர் ஐந்து அறைக்கும் சிதறிப்போகும். போனுக்கு ஏற்றும் முன்னாலேயே, இப்போது எல்லாப் போனும் பயன்படுத்தும் யூனிகோடு என்ற எழுத்து முறைக்கு மாற்றிவிடுங்கள், ஏற்றியபின் திருத்துவது நரகம்.

பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது

மேலே சொன்ன விகார்டு காரணம் இல்லையென்றால் சிம்தான். சிம்மில் பெயருக்கு இடம் மிகக் குறைவு, அளவு சிம்முக்குச் சிம் மாறும், ஆங்கிலப் பெயரே இருபது எழுத்தைத் தாண்டுவது கஷ்டம், தமிழுக்குப் பெரும்பாலும் ஒரு குறிக்கு இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். காண்டாக்ட்ஸ் செயலியில் சிம்மிலிருந்து இம்போர்ட் கொடுத்து எல்லோரையும் கணக்குக்குக் கொண்டுவந்து, பிறகு வெட்டுப்பட்ட பெயர்களைத் திருத்துங்கள். சிம்மில் வைத்தபடியே திருத்தினால் மறுபடியும் வெட்டும். புதிதாகச் சேர்க்கும்போது எங்கே சேமிப்பது என்று கேட்டால் கணக்கைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன், ஜெயஸ்ரீ என்ற பெயர்களில் இது நடந்தால் காரணம் ஸ்ரீ. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம்: வழக்கமான ஸ போட்டு ஒன்று, 2005இல் தனியாகச் சேர்த்த ஶ என்ற எழுத்தைப் போட்டு ஒன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே வடிவம், போனுக்கு வேறு வேறு பெயர். ஒரு கீபோர்டில் சேமித்ததை இன்னொரு கீபோர்டில் தேடினால் கிடைக்காது. இப்போது நீங்கள் பயன்படுத்தும் கீபோர்டில் அந்த எழுத்தை அழித்து மறுபடி அடித்தால் சரியாகிவிடும். ஔவை, கௌரி, சௌந்தர் போன்ற பெயர்களிலும் பாருங்கள், நிறையப் பேர் ஔ என்பதற்குப் பதில் ஒ போட்டு ள, கௌ என்பதற்குப் பதில் கெ போட்டு ள அடித்திருப்பார்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயர் என்றால் கண்ணுக்குத் தெரியாத குறியொன்று முன்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், முழுவதையும் அழித்துக் கையால் அடியுங்கள்.

தமிழில் சேமித்ததை ஆங்கிலத்தில் தேடும் பழக்கம் இருந்தால் புனைபெயர் என்ற கட்டத்தில் ஆங்கிலப் பெயரைப் போட்டு வையுங்கள், பட்டியலில் தமிழ் தெரியும், தேடினால் இரண்டிலும் கிடைக்கும்.

ஒரே ஆள் மூன்று தடவை, மூன்று பெயரில்

சிம்மில் ஒன்று, ஜிமெயிலில் ஒன்று, போன் மெமரியில் ஒன்று. கூகுள் காண்டாக்ட்ஸில் மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ் இருக்கிறது, நல்ல வசதி, ஆனால் எல்லாவற்றையும் சேர் என்ற பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். ஒரே லேண்ட்லைன் நம்பர் இருக்கும் கணவன் மனைவியையும், ஒரே பெயருள்ள இரண்டு முருகன்களையும் ஒன்றாக்கச் சொல்லி அது கேட்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேருங்கள், சேர்த்தபின் எந்தப் பெயர் நிற்கிறது என்று திறந்து பார்த்து வேண்டியதை எழுதுங்கள்.

காரில் மட்டும் கட்டம்

காரின் திரை ப்ளூடூத் வழியாகப் போனிலிருந்து பெயர்களை இழுத்துத் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. தமிழ் எழுத்துரு அதில் இல்லையென்றால் போனில் என்ன செய்தாலும் கட்டம்தான் வரும். ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வசதி உள்ள கார் என்றால் அதன் வழியாக இணையுங்கள், அப்போது திரையில் எழுதுவது போன், தமிழ் நன்றாகவே வரும். அந்த வசதி இல்லாத காருக்கு, ஓட்டும்போது கட்டாயம் தெரிய வேண்டிய வீடு, ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளி என்று நான்கைந்து பேரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிவையுங்கள். மாற்றியும் பழைய பெயரே வந்தால் காரின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து உங்கள் போனை நீக்கிவிட்டு மறுபடியும் இணையுங்கள், காண்டாக்ட்ஸை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும்போது சரி கொடுக்க மறக்காதீர்கள்.